மூடியில் இருந்த தேதி

அகதாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியை நம்பி யாரும் கையை விட முடியாது. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே நெத்திலி இருக்கும். பிஸ்கட் டின்னைத் திறந்தால் காய்ந்த மிளகாய் இருக்கும். ஜாம் புட்டியில் புளி கரைத்து வைத்திருப்பார்கள். வாங்கிய பொருள் தீர்ந்ததும் டப்பாவைக் கழுவி எடுத்து வைத்துக்கொள்வது அகதாவின் அம்மா மோனிக்காவின் வழக்கம். "நல்ல டப்பா, எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்பார். அந்தத் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். அதனால் மோனிக்காவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அகதாவுக்குப் பதினொரு வயது. புக்கிட் ரம்பாயில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில், மூன்றாவது மாடியில் அவள் வீடு. அப்பா செபாஸ்டியன் லோரி ஓட்டுகிறார். கிளந்தான் பக்கம் போனால் திரும்பிவரப் பத்து நாள்கூட ஆகிவிடும். அம்மாவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அப்புறம் ஆறு வயதில் பிரான்க்ளின் என்று ஒரு தம்பி. காலை முதல் இரவு வரை அக்காவைக் கேள்வி கேட்பதுதான் அவன் வேலை.

அம்மாவுக்கு இரவு வேலை வரும் வாரங்களில் பிள்ளைகள் இருவரும் எதிர்வீட்டு மோகனா அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அக்காவின் கணவர் புவனேந்திரன் ஜொகூரில் வேலை செய்கிறார். சனி, ஞாயிறுகளில்தான் வீட்டுக்கு வருவார். அக்காவுக்கு இப்போது ஏழாவது மாதம். கல்யாணமாகி நான்கு வருடம் காத்திருந்து வந்த குழந்தை. அக்கா நாற்காலியில் உட்காரும்போதுகூட வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்லத்தான் உட்காருவார்.

அது பள்ளி விடுமுறை நேரம். புதன்கிழமை இரவு, பாயை விரித்துக்கொண்டே மோகனா அக்கா பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கு கிளினிக்ல எனக்கு சீனித் தண்ணி டெஸ்ட் அகதா. இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாதாம்."

"அது என்ன டெஸ்ட் கா?"

"சீனி வியாதி இருக்கான்னு பாக்கத்தான். காலையில எட்டு மணிக்கு ஒரு தடவ ரத்தம் எடுப்பாங்க. அப்புறம் ஒரு டம்ளர் சீனித் தண்ணி குடிக்கணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ ரத்தம். அது முடிஞ்சாத்தான் வாயில ஏதாச்சும் வைக்கலாம்."

"பசிக்குமே கா."

"இப்பவே பசிக்குது லா." அக்கா சிரித்தார். "டெஸ்ட் முடிஞ்சதும் சார்டின் ரொட்டி கெடச்சா எப்படி இருக்கும் தெரியுமா? நெனச்சாலே வாய் ஊறுது."

"நான் செஞ்சு தரேன் கா" என்றாள் அகதா. எத்தனையோ இரவுகள் இந்த அக்கா வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியாயிற்று. அக்கா வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு பொருளைக்கூடச் செய்து தராவிட்டால் எப்படி?

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கே அகதா தம்பியை எழுப்பி இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். நடுத்தட்டில் ஒரு மார்ஜரின் டப்பா. திறந்து பார்த்தால், உள்ளே பாதி அளவுக்குச் சார்டின் மீன் துண்டுகள் தக்காளிச் சாறோடு இருந்தன. நல்லதாய்ப் போயிற்று, புது டின்னைத் திறக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் எடுத்தவுடனே சமைத்துவிடுகிற ஆள் இல்லை அகதா. பள்ளியில் சுகாதார வாரம் நடந்தபோது ஓர் அதிகாரி வந்து, காலாவதித் தேதி பார்க்காமல் எதையும் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் மிட்டாய் உறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாள். காலாவதிக்கு மலாயில் 'லுப்புட்' என்று பெயர். அப்பா அவளுக்கு 'லுப்புட் போலீஸ்' என்றே பட்டம் வைத்துவிட்டார். அந்தப் பட்டத்தில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போலீஸ் தன் வேலையைச் செய்தாள். டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வருடம் மார்ச் மாதம் என்று கறுப்பு மையில் பளிச்சென்று அச்சடித்திருந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள். சார்டின் வாசம்தான் வந்தது. பிறகென்ன? மீனை முள்ளெடுத்துப் பிசைந்து, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, மிளகுத்தூள் தூவி, ரொட்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். மொத்தம் மூன்று வந்தது. மிஞ்சிய மீனை டப்பாவோடு திரும்ப உள்ளே வைத்தாள். இரண்டை அக்காவுக்கு டப்பாவில் அடுக்கினாள். மூன்றாவதை, செய்தவளுக்குக் கூலி என்று தானே சாப்பிட்டாள். ருசி நன்றாகத்தான் இருந்தது.

"உனக்கு வேணுமாடா?"

"சார்டின்ல முள்ளு இருக்கும். எனக்கு வேணாம்" என்று பிரான்க்ளின் பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

ஏழே காலுக்கு மோகனா அக்கா கிளம்பினார். ரொட்டி டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு அகதாவின் கன்னத்தைத் தட்டினார். "பத்து மணி எப்ப ஆகும்னு இருக்கு எனக்கு" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார்.

ஏழே முக்காலுக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் அம்மா வந்து சேர்ந்தார். குளித்தார், பிரான்க்ளினின் தலையைக் கோதினார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்தியிருந்தால் யாரும் தட்டக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். போன மாதம் வண்ணப் பென்சில் எங்கே என்று கேட்டு அகதா அம்மாவை எழுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை. அன்றிரவு வேலையில் கண் அசந்து, விரல் இயந்திரத்தில் நசுங்கிப்போயிற்று. அதற்காக அம்மா அவளைத் திட்டவில்லை. ஆனால் அந்த நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அகதா அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒன்பதே கால் இருக்கும். குளிர்பதனப் பெட்டிப் பக்கமிருந்து பிரான்க்ளினின் குரல் வந்தது.

"அக்கா, இந்த டப்பா பொய் சொல்லுது."

"மெதுவா பேசு. அம்மா தூங்குறாங்க. என்னடா?"

அவன் ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிக் காட்டினான். முகம் தொங்கிப்போயிருந்தது. "மேல ஸ்ட்ராபெரி படம் போட்டிருக்கு. உள்ள நெத்திலி."

அகதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டேய், அது காலி டப்பாடா. ஐஸ்கிரீம் எப்பவோ தீந்துபோச்சு. அம்மா நெத்திலியப் போட்டு வச்சிருக்காங்க. மேல எழுதியிருக்கிறத நம்பலாமா?"

சொல்லி முடித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மேலே எழுதியிருப்பதை நம்பக் கூடாது. அப்படியென்றால் மார்ஜரின் டப்பாவின் மூடியில் இருந்த தேதி? அது மார்ஜரினின் தேதி. அந்த மார்ஜரின் எப்போதோ தீர்ந்துபோயிற்று. சார்டினுக்கும் அந்தத் தேதிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை.

 சரி, சரி, பயப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேற்றுத் திறந்த மீனாக இருக்கலாம் இல்லையா? ஆனால் நேற்று யாரும் சார்டின் சமைக்கவில்லை. முந்தாநாளும் இல்லை. அம்மாவைக் கேட்டால் தெரியும். அம்மா தூங்குகிறார்.

வீட்டில் பிள்ளைகளுக்கென்று அப்பா விட்டுப்போன பழைய கைப்பேசி ஒன்று இருந்தது. அதை எடுத்து அப்பாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லோரி ஓட்டும்போது அப்பா எடுக்க மாட்டார்.

"பிரான்க்ளின், இங்க வா. நம்ம வீட்டுல கடைசியா சார்டின் குழம்பு எப்ப வச்சாங்க?"

"நான் சாப்பிடல. முள்ளு இருந்துச்சு."

"நீ சாப்பிடல, சரி. என்னிக்குன்னு சொல்லு."

"அப்பா இருந்தாருல்ல, அன்னிக்கு."

"அப்பா இருந்த எந்த நாளு?"

பிரான்க்ளின் யோசித்தான். யோசிக்கும்போது அவன் நாக்கு முன்பல் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். "என் பல்லு விழுந்த அன்னிக்கு. சோத்த மெல்லும்போதே விழுந்துச்சு. அப்பா அத மீன் முள்ளுன்னு நெனச்சுத் தூக்கிப் போடப் பாத்தாரு."

அகதா கூடத்துக்கு ஓடினாள். சுவரில் தேவாலயத்தில் கொடுத்த நாள்காட்டி தொங்கியது. வீட்டில் நடப்பதையெல்லாம் அவள் அதில்தான் எழுதி வைப்பாள். போன வாரம் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: 'பிரான்க்ளின் பல் விழுந்தது.' புதன், வியாழன், வெள்ளி என்று விரல் வைத்து எண்ணினாள். ஒன்பது நாள்.

ஒன்பது நாள் அதிகமா, குறைவா? அதுவும் தெரியவில்லை. அலமாரியில் அதே மாதிரிச் சார்டின் டின் ஒன்று திறக்காமல் இருந்தது. எடுத்துச் சன்னல் பக்கம் பிடித்தாள். காலாவதித் தேதி இன்னும் இரண்டு வருடம் கழித்து என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஆனால் அதற்குக் கீழே, எறும்பளவு எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. திறந்த பிறகு வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிரில் வைக்கவும், மூன்று நாளுக்குள் முடிக்கவும்.

மூன்று நாள். அவள் கொடுத்தது ஒன்பதாம் நாள் மீன். அதுவும் யாருக்கு? ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து, வெறும் வயிற்றில், ஏழு மாதக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தைந்து. எட்டு மணிக்கு முதல் ரத்தம். இரண்டு மணி நேரம் கழித்து அடுத்தது. அது முடிந்த அடுத்த நிமிடம் அக்கா டப்பாவைத் திறந்துவிடுவார்.

மோகனா அக்காவின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடியும் அழுத்தினாள். அதே குரல். நேற்றிரவு புவனேந்திரன் அண்ணனோடு பேசிக்கொண்டே அக்கா தூங்கிப்போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. கைப்பேசியில் சார்ஜ் இருக்காது. 'அக்கா ரொட்டி சாப்பிடாதீங்க' என்று செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேரவே இல்லை.

அம்மாவின் அறைக்கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். எழுப்பினால் அம்மா என்ன செய்வார்? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் பறப்பார். இரவெல்லாம் கண் விழித்தவர், அந்தச் சாலையில், லோரிகளுக்கு நடுவில். கறுத்துப்போன நகம் கண்முன் வந்தது. அகதா கையை இறக்கிவிட்டாள்.

"பத்து மணி வரைக்கும் பாப்போம்" என்று முணுமுணுத்தாள். "முடியலன்னா எழுப்பிடுவோம்."

பிரான்க்ளினுக்குச் சளி பிடித்தபோது அதே கிளினிக்கில் கொடுத்த அட்டை மேசை இழுப்பறையில் இருந்தது. அதில் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தாள். தாதி ஒருவர் எடுத்து மலாயில் காலை வணக்கம் சொன்னார். தாதியை அங்கே எல்லாரும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

 இனி அகதா மலாயில்தான் பேச வேண்டும். "மிஸி, ரொட்டி… மார்ஜரின் டப்பாவில தேதி… இல்ல, அது மார்ஜரின் இல்ல, சார்டின்… தம்பி ஐஸ்கிரீம் கேட்டான், அப்பத்தான்…"

"ஐஸ்கிரீமா? அடிக், இது கிளினிக். விளையாடாதே" என்று, சின்னவர்களைக் கூப்பிடும் 'அடிக்' என்ற மலாய்ச் சொல்லோடு அந்தக் குரல் கண்டித்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அகதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் மேல் தப்பில்லை. இவள் உளறிய உளறலுக்கு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

"அக்கா, ஏன் அழுவுற?"

"அழல. ஒரு பென்சில் கொண்டா."

பள்ளியில் மலாய் வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் அவள் எப்போதும் செய்வது ஒன்றுண்டு. சொல்ல வேண்டியதை முதலில் எழுதிக்கொள்வாள். எழுதியதைப் படித்தால் நாக்கு குழறாது. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து மூன்று வரி எழுதினாள். அக்காவின் பெயர் மோகனா, அவர் அப்பா பெயர் சுப்பன். ஏழு மாதக் கர்ப்பிணி, இன்று சீனித் தண்ணீர் சோதனைக்கு வந்திருக்கிறார். அவர் பையில் இருக்கும் ரொட்டியில் உள்ள மீன் திறந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது, தயவுசெய்து சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஐஸ்கிரீமைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அழைத்தாள். எண் வேலையாக இருந்தது. மறுபடி அழைத்தாள். அப்போதும் வேலையாகத்தான் இருந்தது. ஒன்பது ஐம்பத்தெட்டு. பத்து. பத்து மணி இரண்டு நிமிடம். அவள் கண் அம்மாவின் கதவுக்கும் கடிகாரத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று அழுத்தினாள்.

மணி அடித்தது. அதே குரல்.

அகதா மூச்சை இழுத்துவிட்டு, மூன்று வரிகளையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.  

"உன் பெயர் என்ன அடிக்?"

"அகதா."

"வைக்காதே அகதா. அப்படியே இரு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. தூரத்தில் யாரோ எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு, "மோகனா! மோகனா சுப்பன்!" என்ற குரல். அகதா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பிரான்க்ளின் அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, என்னவென்று தெரியாமலே அவனும் பயந்துபோய் நின்றான்.

"அகதாவா? என்ன மா ஆச்சு? அம்மாவுக்கு ஏதும் ஒடம்புக்கு…"

"அக்கா, ரொட்டி சாப்டீங்களா?"

"இல்ல மா. இப்பத்தான் ரத்தம் எடுத்தாங்க. டப்பாவத் திறந்தேன், மிஸி கூப்பிட்டாங்க. ஏன்?"

"சாப்பிடாதீங்க கா. அந்த மீனு ஒம்போது நாளு பழசு. நான் தெரியாமக் குடுத்துட்டேன் கா."

 "ஐயோ" என்றார் அக்கா. "ஒண்ண பக்கத்துல இருந்த அக்காவுக்குக் குடுத்துட்டேனே. பாவம், அவங்களும் என்ன மாதிரிதான் ராத்திரியிலேர்ந்து பட்டினி."

தொலைபேசியை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது.  அகதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். இருபதுக்கு மேல் எண்ணிக்கை பிசகிப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

"அகதா, இருக்கியா?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "வாய் வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. நான் கையிலேர்ந்து புடுங்கிட்டேன். குடுத்தவளே புடுங்குறாளேன்னு அவங்க என்னப் பாத்த பார்வை இருக்கே." சிரித்தார். சிரிப்பு நடுங்கியது. "வெவரம் சொன்னேன். இப்ப அவங்களும் சிரிக்கிறாங்க. வெளியில ஒரு கடையில நாசி லெமாக் சோறு சுடச்சுட விக்கிறாங்களாம். ரெண்டு பேரும் அதத்தான் சாப்பிடப் போறோம். நீ அழாத."

"அழல கா" என்று அகதா அழுதுகொண்டே சொன்னாள்.

"சரி, அந்த ரொட்டிய நீங்க யாராச்சும் சாப்டீங்களா?"

இதை அகதா எதிர்பார்க்கவில்லை. இந்த ஒரு மணி நேரத்தில் தன் வயிற்றைப் பற்றி அவளுக்கு நினைப்பே வரவில்லை. "நான் ஒண்ணு சாப்ட்டேன் கா."

அக்கா அதை மிஸியிடம் சொல்வது கேட்டது. மிஸியே மறுபடி வந்து பேசினார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வாந்தி வந்தாலோ வயிறு வலித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றார். "முதலில் அம்மாவை எழுப்பு. இப்போதே."

"அம்மாவுக்கு இரவு வேலை, மிஸி."

"எனக்கும் போன வாரம் இரவு வேலைதான். என் மகள் ஒன்பது நாள் பழைய மீனைச் சாப்பிட்டிருந்தால் என்னை எழுப்பத்தான் வேண்டும்."

அகதா கதவைத் தட்டினாள்.

அம்மா கண்ணைத் திறக்கும் முன்பே அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இந்த முறை ஐஸ்கிரீமையும் சேர்த்துத்தான். அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்டார். திட்டப்போகிறார் என்று அகதா காத்திருந்தாள். அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு நேரே குளிர்பதனப் பெட்டிக்குப் போய் அந்த மார்ஜரின் டப்பாவை வெளியே எடுத்தார்.

"நான்தான் இதுல மாத்தி வச்சேன். மறுநாளே செஞ்சிடலாம்னு நெனச்சேன். அப்புறம் மறந்தே போச்சு." அம்மா அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார். "ஏன் என்ன எழுப்பல?"

 அகதா அம்மாவின் கறுத்த நகத்தைப் பார்த்தாள். அம்மாவும் அதைப் பார்த்தார்.

"வண்ணப் பென்சிலுக்கு எழுப்பாத. இந்த மாதிரிக்கு எழுப்பு. புரியுதா?" என்று அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் தூக்கமாவது ஒன்றாவது. அம்மா எல்லா டப்பாவையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பினார். திறந்த தேங்காய்ப்பால் பெட்டி ஒன்று இருந்தது. அப்பா திறந்தது என்று அம்மா நினைத்திருந்தார். மதியம் அப்பா பேசியபோது கேட்டால், அம்மா திறந்தது என்று அவர் நினைத்திருந்தாராம். அது உள்ளே கட்டிதட்டிப்போய்க் கிடந்தது. பாதி மீந்த சாசேஜ் பொட்டலம் எந்த வாரத்தில் திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா எடுத்துக் கொடுக்க, பிரான்க்ளின் குப்பைப் பையில் போட்டான். அவனுக்கு அன்று அதுதான் பெரிய விளையாட்டு. மிஞ்சியவற்றின் மேல் அகதா ஒட்டுத்தாளை ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது, என்றைக்குத் திறந்தது என்று எழுதினாள். நெத்திலிக்கு மட்டும், பிரான்க்ளின் கேட்டுக்கொண்டபடி, 'ஐஸ்கிரீம் இல்லை' என்றும் சேர்த்து எழுதினாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. ஒன்றுமில்லை, பயம்தான் என்று நினைத்தாள். மூன்று மணிக்கு அது பயமில்லை என்று தெரிந்துபோயிற்று. ஒரு தடவை வாந்தி எடுத்தாள், இரண்டு தடவை கழிவறைக்கு ஓடினாள். அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளைக் கடைவரிசையில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, உப்புநீர்ப் பொட்டலங்கள் கொடுத்தார். இரண்டு நாளில் சரியாகிவிடும், பெரியவள் என்பதால் தாங்கிக்கொண்டாள் என்றார்.

மாலையில் மோகனா அக்கா வந்தார். அகதா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. அக்கா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிக்குதா மா?"

"வலிக்குது கா. முறுக்கி முறுக்கி வலிக்குது." அகதா தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் வலிக்கலல்ல?"

"இல்ல மா."

"பாப்பாவுக்கு?"

 அக்கா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவர் மடியில் விழுந்தது.

"அப்பச் சரி" என்று அகதா நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அடுத்த நொடியே திறந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க கா" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள்.